இணையத்தளம் கட்டுவதற்கு முன், தோற்றத்துக்கு மட்டும் காசு கொடுத்தோம்: ஒரு செட்டியார் தெரு நகைக்கடையின் அனுபவம்

கொழும்பில் இணையத்தளம் செய்து தருகிறவர்களுக்குக் குறைவில்லை. பேஸ்புக்கில் ஒரு வரி போட்டால் பின்னேரத்துக்குள் பத்துக் கொட்டேஷன் வந்து விழும். ஆனால் தளத்தைத் தொடவே தொடாமல், உங்கள் கடை திரையில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை மட்டும் முடிவு செய்து தருவதற்கு 95,000 ரூபாய் கேட்கிறார்கள் என்று நான் சொன்னபோது அப்பா தராசில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாங்கள் டிசைன் கீறிக் காட்டிறதுக்கு ஆரிட்டையும் ஒரு சதம் வாங்கினதில்லையே பிள்ளை" என்றார். அவர் சொன்னது உண்மைதான். தாலிக்கொடிக்கு நாலு விதமாகக் கீறிக் காட்டிவிட்டு, அவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனாலும் சிரித்துக்கொண்டு அனுப்புகிற தெரு இது.

ஆனாலும் கொடுத்தோம். கொடுத்த காசுக்கு வேலை நடந்ததா என்பதைத்தான் எழுதுகிறேன். நல்லதும் குறையும் கலந்து வருவதால் அந்த ஸ்டூடியோவின் பெயரைப் போடவில்லை. வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில், இரண்டு இளம் ஆட்கள் நடத்துகிறார்கள். ஒருவர் தமிழ்ப் பிள்ளை, மற்றவர் சிங்களப் பெடியன். அதற்குமேல் அடையாளம் வேண்டாம்.

எங்களுடையது அப்பப்பா தொடங்கிய நகைக்கடை. பழைய கதிரேசன் கோயிலுக்கும் புதிய கதிரேசன் கோயிலுக்கும் நடந்து போகிற தூரம். கலியாண ஓடர்களில் நல்ல பங்கு இப்போது ரொரன்ரோவில் இருந்தும் லண்டனில் இருந்தும் வட்ஸ்அப்பில் வருகிறது. அவர்கள் கேட்கிற முதல் கேள்வி "உங்களுக்கு வெப்சைட் இல்லையா?" இல்லை என்று சொன்னதும் பேச்சில் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளிக்காகத்தான் இவ்வளவு செலவும்.

சேவை இப்படி. முதலில் கடைக்கு வந்து பார்க்கிறார்கள். பிறகு மூன்று "ஸ்டைல் டைல்" தருகிறார்கள். 2012 அளவில் சமந்தா வாரன் என்ற அமெரிக்க டிசைனர் எழுதிப் பரப்பிய முறை அது. முழுப் பக்கத்தை வரைந்து காட்டுவதில்லை. நிறங்கள், எழுத்துரு, ஒரு பொத்தான், ஒரு தலைப்பு, படத்தை எப்படி வைப்பது என்பதை மட்டும் ஒரே தாளில் அடுக்கிக் காட்டுவது. பக்கம் எப்படிப் பிரியும், எங்கே என்ன வரும் என்ற சண்டையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் குணத்தை மட்டும் பேசலாம். மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்தால் அதைத் திருத்தி, நிற இலக்கங்களும் எழுத்துருப் பெயர்களும் அளவுகளும் எழுதிய குறிப்பேடு ஒன்று தருவார்கள். தளத்தை யாரிடமும் கொடுத்துக் கட்டலாம்.

கடைக்கு வந்த நாளைப் பற்றி நல்லது சொல்லத்தான் வேண்டும். என்ன கலர் பிடிக்கும், எந்த வெளிநாட்டுத் தளம் பிடிக்கும் என்றெல்லாம் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை முழுக்க மூலைக் கதிரையில் இருந்து வருகிற சனத்தைப் பார்த்தார்கள். பெயர்ப்பலகையைப் படம் எடுத்தார்கள். வெல்வெட் தட்டு, சின்னத் தராசு, நகையைச் சுற்றிக் கொடுக்கிற அந்த ரோஸ் கடதாசி, பில் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்தார்கள். பின்னேரம் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "அக்கா, வந்த எல்லாரும் உள்ள காலை வைக்க முதல் பவுண் விலைதான் கேட்டவை. அப்ப உங்கட தளத்தில ஆகப் பெரிய எழுத்து அதுதானே?" என்றாள். வேறு மூன்று இடத்தில் பேசியிருந்தோம். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. எல்லோரும் முகப்பில் ஓடுகிற வீடியோ பற்றித்தான் பேசினார்கள்.

இனி மூன்று டைல்களும்.

முதலாவது வெள்ளை. நிறைய வெற்றிடம், மெல்லிய சாம்பல் எழுத்து, பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அகல அகலமாக இடைவெளி விட்டு. ஐரோப்பிய நகைக் கம்பனிகளின் பாணி. லெப்டொப்பில் பார்த்தபோது எனக்கு உடனே பிடித்துவிட்டது, தம்பிக்கும்தான். "இதைத் தமிழில் காட்டுங்கோ" என்று கேட்டபிறகுதான் கதை மாறியது. அந்தப் பாணியின் மிடுக்கில் பாதி ஆங்கிலக் கப்பிட்டல் எழுத்தில் இருக்கிறது. தமிழுக்குக் கப்பிட்டல் கிடையாது. அதே இடைவெளியைத் தமிழுக்குப் போட்டால் சொல் சொல்லாக நிற்பதில்லை, எழுத்தெழுத்தாக உதிர்ந்து கிடக்கும். கட்டமரான் (Catamaran) என்ற இலவச எழுத்துருவில் மெல்லியதில் இருந்து தடித்தது வரை ஒன்பது கனம் இருக்கிறது. அதில் ஆக மெல்லியதைப் போட்டிருந்தார்கள். பெரிய தலைப்பில் அழகுதான். போனில் சின்ன அளவில் ண-வும் ன-வும் ஒரே கோட்டுச் சுருளாகிவிட்டன.

அதோடு நிறம். வெள்ளையில் தங்க நிற எழுத்து என்றால் நகைக்கடைக்காரர் எல்லோருக்கும் ஆசை. இணையத்தில் எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையில் எவ்வளவு வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பதற்கு உலக அளவில் ஒரு அளவுகோல் இருக்கிறது: சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. வழக்கமாகப் போடுகிற அந்தத் தங்க நிறத்தை வெள்ளையில் வைத்து அளந்தால் 2.1தான் வருகிறது. அவர்கள் போட்ட சாம்பல் எழுத்தும் 3க்குக் கீழே. இதை நான் கேட்டு அவர்கள் சொல்லவில்லை, டைலின் அடியில் அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். தங்கள் மாதிரியின் பலவீனத்தைத் தாங்களே எழுதித் தருகிற ஆட்களை நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு இந்த இலக்கமெல்லாம் தேவைப்படவில்லை. என் போனை வாங்கிக்கொண்டு பதினொரு மணி வெயிலில் கடை வாசலில் போய் நின்றார். மூட்டை சுமக்கிற நாட்டாமைகள் வண்டில் தள்ளிக்கொண்டு போகிற இடத்தில், கையை மறைப்பாக வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஒண்டும் தெரியேல்ல" என்று திருப்பித் தந்தார். வெள்ளை டைல் அதோடு முடிந்தது. இந்தப் பரிசோதனையை யாருக்கும் சிபாரிசு செய்வேன். கொழும்பில் உங்கள் தளத்தைப் பார்க்கிற ஆள் பஸ் யன்னலோரமோ ஓட்டோவிலோ இருந்துதான் பார்ப்பார். குளிரூட்டிய அறையில் பெரிய திரையில் பார்த்து ஓம் சொல்வதில் அர்த்தமில்லை.

இரண்டாவது டைல் கோயில். கோபுரம், மயில், மாங்காய்க் கரை, குத்துவிளக்கு, கடும் மெரூன், பளபளக்கிற பொன்னெழுத்து. வாசிக்கத் தெளிவு, அதில் பிழையில்லை. மெரூனில் தங்கம் வைத்தால் வேறுபாடு 4.5ஐத் தாண்டிவிடும். அம்மா இதைத்தான் கேட்டார். ஆனால் எங்கள் தெருவில் இந்தக் கரை நாட்காட்டியில் இருக்கிறது, நகைப் பெட்டியில் இருக்கிறது, பக்கத்துக் கடையின் பையில் இருக்கிறது. லோகோவை விரலால் மறைத்தேன். யாருடைய கடை என்று சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் உண்டு. கொட்டாஞ்சேனையில் இருந்து வருகிற கிறிஸ்தவக் குடும்பங்கள் எங்களிடம் புறா பொறித்த தாலி செய்விக்கிறவர்கள். முஸ்லிம் வீட்டுக் கலியாணத்துக்கும் செய்கிறோம், சிங்களக் குடும்பங்களும் வருகிறார்கள். கடைக்குள் சாமிப்படம் இருக்கிறது, அது எங்கள் வழிபாடு. தளத்தின் நெற்றியில் கோபுரத்தை வைத்தால் அது வாசலில் நிற்கிறவரிடம் வேறு ஏதோ சொல்கிறது. அம்மாவுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. முழுக்க ஒத்துக்கொண்டார் என்று சொல்லமாட்டேன்.

மூன்றாவது டைலை எங்கள் கடையில் இருந்தே எடுத்திருந்தார்கள். பெயர்ப்பலகையின் கடும் பச்சையும் அதில் உள்ள வெளிறிய மஞ்சள் எழுத்தும்தான் அடிப்படை. தூசி படிந்து எங்கள் கண்ணுக்கே தெரியாமல் போன பலகை அது. அப்பப்பா காலத்தில் கையால் எழுதியது. கடைப் பெயரில் ஒரு "லை" வரும். இப்போதைய எழுத்தாக இல்லாமல், யானைத் துதிக்கை வளைந்து முன்னால் இறங்குகிற அந்தப் பழைய வடிவம். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபிறகு அந்த வடிவம் மெல்ல மெல்ல எல்லா இடத்திலும் ஒழிந்துவிட்டது. இன்றைய எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் அந்த எழுத்தைத் தட்டினால் புது வடிவம்தான் வரும். அதனால் பலகையைப் பெரிதாகப் படம் எடுத்து, ஓரம் ஓரமாகக் கோடு இழுத்துப் படமாகவே எடுத்துக்கொண்டார்கள். தூரிகை எடுத்த இடத்தில் இருக்கிற சின்ன நடுக்கத்தைக்கூட வழித்துவிடவில்லை. டைலின் தலையில் அதைப் பார்த்ததும் அப்பா கண்ணாடியை மாற்றிக்கொண்டு கிட்டப் பிடித்தார். அதுவரை இந்த வேலை முழுக்கத் தண்டச்செலவு என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அதன்பிறகு சொல்லவில்லை.

எழுத்துருத் தெரிவில் இவர்களுக்கு நல்ல கை. தமிழ்த் தலைப்புகளுக்கு டிரோ தமிழ் என்ற எழுத்துரு. ஈய அச்சுக்காலத் தமிழ்ப் புத்தகங்களின் சாயல் உள்ள எழுத்து, கோடு தடித்தும் மெலிந்தும் போகும். தாலிக்கொடி, அட்டியல், பதக்கம் என்று பெரிதாகப் போட்டால் சொல்லுக்கே ஒரு பாரம் வருகிறது. தடித்த எழுத்து அதில் இல்லை, அதனால் அழுத்தம் கொடுக்க நிறத்தைத்தான் நம்ப வேண்டும். சிங்களத் தலைப்புக்கு அபய லிப்ரே. கொழும்பைச் சேர்ந்த மூனியாக் குழு, பழைய அபய எழுத்தை இணையத்துக்கு ஏற்றபடி செய்து இலவசமாக விட்டது. அந்தப் பெடியன் இதை மாற்றவே விடவில்லை. உள்ளே வருகிற நீள எழுத்துக்கு மூன்று மொழிக்கும் நோட்டோ எழுத்துரு. இடையில் தாரிக் அஸீஸ் செய்த கவிவாணர் எழுத்துருவையும் போட்டுக் காட்டினார்கள். அவர் எங்கள் நாட்டுக்காரர் என்பதால் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சாய்ந்த கையெழுத்து, வாழ்த்து அட்டைக்கு அருமை. விலைப்பட்டியலுக்குச் சரிவரவில்லை.

மூன்று மொழியில் தளம் செய்கிறவர்கள் கவனிக்க ஒன்று. ஒரே அளவு இலக்கத்தைக் கொடுத்தால் மூன்று எழுத்தும் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரியாது. தமிழுக்கும் சிங்களத்துக்கும் மேலேயும் கீழேயும் குறிகள் வருவதால் வரிக்கு வரி இடைவெளியும் கூட வேண்டும். எங்கள் குறிப்பேட்டில் ஆங்கிலத்துக்கு எழுத்தளவின் 1.5 மடங்கு, தமிழுக்கு 1.75 மடங்கு என்று தனித்தனியாக எழுதித் தந்தார்கள். பொத்தான்களையும் தமிழை வைத்துத்தான் அளந்தார்கள். ஆங்கிலத்தில் சின்னச் சொல்லாக அடங்குவது தமிழில் "வட்ஸ்அப்பில் கேட்க" என்று நீளும். ஆங்கிலத்துக்குக் கட்டிய பொத்தானில் அது இரண்டு வரியாக மடிந்து தொங்கும்.

விலைப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனெனில் தளத்தில் ஆட்கள் தினமும் பார்க்கப்போவது அதைத்தான். 22 கரட் ஒரு பவுண் என்றால் ஆறு இலக்கம். 1-உம் 8-உம் ஒரே அகலம் பிடிக்கிற இலக்கங்களாகப் பார்த்துப் போட்டார்கள், இல்லாவிட்டால் விலை மாறுகிற ஒவ்வொரு நாளும் பெட்டி ஆடும். இந்தியாவில் செய்த ஆயத்தத் தளங்களில் 2,50,000 என்று காற்புள்ளி விழும். இங்கே நாங்கள் 250,000 என்று எழுதிப் பழகியவர்கள். விலையில் ஒரு கணம் தடுமாறினால் நகை வாங்க வந்த ஆள் நம்பிக்கையிலும் தடுமாறுவார். இதையும் குறித்துத் தந்தார்கள்.

ரோஸ் கடதாசியைப் பக்கம் முழுக்கப் பூசிப் பார்த்தார்கள். பிறந்தநாள் வீட்டுச் சோடனை மாதிரி இருந்தது. கடையில் அந்தக் கடதாசியில் தங்கம் எடுப்பாகத் தெரிகிறது என்பதற்காகத் திரை முழுக்க ரோஸ் வேண்டும் என்றில்லை. கடைசியில் விலைப் பெட்டியைச் சுற்றி ஒரு மெல்லிய பட்டை மட்டும் நின்றது. கடைக்கு வந்து போனவர்களுக்கு அது போதும், சொல்லாமலே தெரியும்.

படங்களில்தான் நான் எதிர்பாராத அளவுக்கு விஷயம் இருந்தது. மெரூன் வெல்வெட்டில் வெறும் தங்கம் துலங்கும், ஆனால் சிவப்புக்கல் அட்டியலை வைத்தால் கல்லெல்லாம் துணிக்குள் அமிழ்ந்துவிடும். வெள்ளையில் வைத்தால் தங்கம் வெளிறி மஞ்சள் பிளாஸ்டிக்காகத் தெரியும். கல் நகைக்குச் சந்தனம் கலந்த வெளிர் நிறம், வெறும் தங்கத்துக்குப் பலகையின் பச்சை என்று பிரித்தார்கள். பச்சையில் தங்கம் எப்படி இருக்கும் என்று எனக்குச் சந்தேகம். முதல் படம் வந்தபோது தாலிக்கொடியின் ஒவ்வொரு முறுக்கும் தனித்தனியாகத் தெரிந்தது. பட்டறையில் அதைச் செய்த பத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு மூன்றாவது கண்ணியில் ஒட்டவைக்கிற பற்றாசு கொஞ்சம் கூடிப்போயிற்று என்று தன் வேலையிலேயே குறை கண்டுபிடித்தார். அவ்வளவு தெளிவு.

இனிக் குறைகள்.

முதற்தடவை மூன்று டைலும் ஆங்கிலத்தில் மட்டும்தான் வந்தன. ஆகப் பெரிய குறை இதுதான். தமிழில் வாங்குகிற சனம், தமிழ்க் கடை, டிசைனரில் ஒருவர் தமிழ். இருந்தும் தமிழ் "பிறகு போடலாம்" என்ற இடத்தில்தான் இருந்தது. கேட்டபிறகு அனுப்பிய தமிழ் டைலில் "தாலிக்கொடி"யில் உள்ள கொ சிதறிக் கிடந்தது. கொம்பும் அரவும் சேர்ந்து க-வுக்குப் பின்னால் போய் நின்றன. வரைகிற மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கென்று ஒரு தெரிவு இருக்கிறது, அதை மாற்றாமல் ஒட்டினால் இப்படித்தான் வரும். தெரியாத ஆட்களுக்கு மன்னிக்கலாம். நகைக்கடைக்கு அனுப்புகிற மாதிரியில், அதுவும் அந்தச் சொல்லில், அனுப்ப முதல் ஒருக்கா வாசித்திருக்க வேண்டாமா? உடனே திருத்தினார்கள், ஆனால் வாக்குக்கொடுத்த தவணை அங்கேதான் இழுபடத் தொடங்கியது. ஆடிவேல் திருவிழா வாரமும் இடையில் வந்தது, அந்த நாட்களில் எங்கள் தெருவுக்குள் யாரும் வேலைக்கென்று வர ஏலாது. அதை அவர்கள் கணக்கில் போடமாட்டேன்.

இரண்டாவது, காட்சிக்குப் போட்ட கைகள். இணையத்தில் வாங்கிய வெளிநாட்டுப் படங்கள், ஊசி மாதிரி மெல்லிய வளையல் போட்ட வெள்ளைக் கைகள். எங்கள் காப்பு அந்தக் கையில் நிற்காது. பிறகு என் சித்தியின் கையையும் கடையில் வேலை செய்கிற பிள்ளையின் கையையும் வைத்து எடுத்தார்கள், அதுதான் இப்போது இருக்கிறது. தொடக்கத்திலேயே செய்திருக்கலாம்.

குறிப்பேடு முழுக்க ஆங்கிலத்தில். அப்பாவுக்கென்று கேட்டு வாங்கிய தமிழ்ச் சுருக்கம் ஒரு பக்கம்தான். பழைய விளம்பரத் தாளின் தமிழை அச்சகம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தந்திருந்தது, அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பைதான் வரும். அதை இன்றைய பொது முறையான யுனிகோட்டுக்கு மாற்றித் தந்ததற்குக் காசு வாங்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தளம் கட்டுகிற வேலையை வேறொரு பெடியனிடம் கொடுத்திருக்கிறோம். குறிப்பேட்டைக் கொடுத்ததும் நிறம் பற்றியோ எழுத்து பற்றியோ அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இதற்கு முன் எங்கள் அறிமுக அட்டை செய்யக் கொடுத்தபோது "இன்னும் கொஞ்சம் பளிச்சென்று" என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்து மாதக்கணக்கில் அலைந்தோம். அதோடு ஒப்பிட்டால் 95,000 அதிகமில்லை. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன்.

ஏற்கெனவே லோகோவும் நிறமும் ஒழுங்காக உள்ளவர்களுக்கு இந்தச் சேவை தேவையில்லை, நல்ல எழுத்துருவும் வெளிச்சமான படமும் போதும். கடையில் நாலு பேர் நாலு கருத்தோடு இருப்பவர்களுக்குத்தான் பிரயோசனம். போவதென்றால், முதல் டைலே தமிழில் வேண்டும், உங்கள் சொந்தப் பொருளின் படத்தோடு வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். இரண்டு தடவை திருத்தம் விலைக்குள் அடக்கம், மூன்றாவதற்குத் தனிக் கட்டணம். பாதி எட்வான்ஸ், மீதி குறிப்பேடு கைக்கு வந்தபிறகு.